மாலத்தீவில் படகில் தங்கி முக்குளித்தல்

மாலத்தீவுக்கு முக்குளிக்கப் போகிறவர்கள் மூன்று வகையில் தங்கலாம். தனித்தீவு ரிசார்ட் ஒன்று. ஊர்மக்கள் வாழும் தீவில் விருந்தினர் விடுதி இன்னொன்று. படகிலேயே தங்கிக்கொண்டு இடம்விட்டு இடம் போவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்கு உலகெங்கும் 'லிவ்அபோர்டு' என்று பெயர். மாலத்தீவில் 'சஃபாரி படகு' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். கரையில் தங்குகிறவர் அரைமணி, ஒருமணி நேரத் தூரத்தில் உள்ள இடங்களில் மட்டுமே நீரில் இறங்க முடியும். படகில் தங்குகிறவருக்கு அந்த எல்லை கிடையாது. காலையில் ஓரிடத்தில் இறங்கி, சாப்பிடும் நேரத்தில் நகர்ந்து, பிற்பகலில் வேறோர் இடத்தில் இறங்கலாம். இரவில் பெரும்பாலும் படகு ஓடுவதில்லை. பவளப்பாறைகள் நிறைந்த கடல் என்பதால் பொழுது சாய்வதற்குள் ஏதாவதொரு உள்கடலில் நங்கூரமிட்டுவிடுவார்கள்.

இந்த முறை சுற்றுலாவுக்கும் முந்தியது. ஆஸ்திரிய முக்குளிப்பாளரும் விலங்கியலாளருமான ஹான்ஸ் ஹாஸ், 'ஸரீஃபா' என்ற பாய்மரக் கப்பலில் ஆய்வாளர்களுடன் 1957-58-ல் இந்தத் தீவுகளுக்கு வந்தார். கப்பலே வீடு, கப்பலே ஆய்வுக்கூடம். மணலில் பாதி உடலைப் புதைத்துக்கொண்டு கூட்டமாக நின்று ஆடும் ஒருவகை விலாங்குக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது அந்தப் பயணத்தின் விளைவுதான். முதல் ரிசார்ட் திறந்தது 1972-ல். இன்று சஃபாரி படகுகள் பெரும்பாலும் ஒரு வாரப் பயணமாக ஓடுகின்றன. 7 இரவு என்றால் முழுதாக முக்குளிக்கக் கிடைப்பது 6 நாளுக்கும் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று முறை, சில நாள் இரவிலும் ஒருமுறை என்று கணக்கிட்டால் 15 முதல் 18 முறை வரை நீரில் இறங்கலாம். அந்த 18 முறையில் எத்தனை உருப்படியாக அமையும் என்பது படகின் சொகுசைவிட, பயணம் எந்த மாதத்தில், எந்தப் பாதையில், எந்தத் தகுதியோடு தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. திட்டமும் அந்த வரிசையில்தான் அமைய வேண்டும்.

வரிசையின் முதலில் நிற்பது நிலவியல். லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் கடலடியில் ஒரே மலைத்தொடரின் மேல் நிற்பவை. பழைய எரிமலைகள் மெல்ல அமிழ, அவற்றின் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்ததில் வட்டத்திட்டுகள் உருவாயின. இந்த விளக்கத்தின் அடிப்படையை சார்லஸ் டார்வின் 1842-லேயே எழுதிவிட்டார். மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள் 26 வட்டத்திட்டுகளில் அடங்கி, வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போகின்றன. ஒரு வாரத்தில் இதைச் சுற்றி முடிக்க எந்தப் படகாலும் ஆகாது. ஒரு பயணத்தில் மூன்று, நான்கு வட்டத்திட்டுகள் என்பதே நடைமுறை.

வட்டத்திட்டைப் பெரிய ஏரி என்று வைத்துக்கொண்டால், அதன் கரை பவளப்பாறை. கரையில் ஆங்காங்கே திறந்திருக்கும் மதகுகள் கால்வாய்கள். திவேஹி மொழியில் இந்தக் கால்வாய்க்குக் 'கண்டு' என்று பெயர். வெளிக்கடல் நீர் முழுவதும் இவற்றின் வழியாகத்தான் உள்ளே வரவும் வெளியேறவும் வேண்டும். மதகடியில் மீன் திரள்வதுபோலக் கால்வாயின் வாயிலும் திரளும். உள்கடலில், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேயே நின்றுவிடும் பாறைத் திட்டு 'திலா'; ஏறக்குறைய நீர்மட்டம் வரை எழும் சிறு திட்டு 'கிரி'. படகில் வழிகாட்டி வெள்ளைப்பலகையில் படம் போட்டு விளக்கும்போது இந்தச் சொற்கள்தாம் வரும். வடக்கு ஆரியில் உள்ள மாயா திலா, மத்தியில் உள்ள வாவு வட்டத்திட்டின் ஃபொட்டேயோ கண்டு என்று இடங்களின் பெயரிலேயே அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயரைக் கேட்டவுடன், அது நின்று சுற்றிப்பார்க்கும் இடமா, நீரோட்டத்தோடு போகும் இடமா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. டிசம்பர் முடிவிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று; மே முதல் நவம்பர் வரை தென்மேற்கு. தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளும் இந்தக் காற்றைப் பார்த்தே புறப்படுகின்றன. முக்குளிப்பவருக்குக் காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வரும் நீரோட்டம் முக்கியம். வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. தெளிந்த ஆழ்கடல் நீர் கிழக்குக் கால்வாய்களின் வழியே உள்ளே புகும். உள்கடலைக் கடந்து, மிதவையுயிர்களைச் சுமந்துகொண்டு மேற்குப் பக்கமாக வெளியேறும். எனவே அந்த மாதங்களில் சுறா பார்க்கக் கிழக்கு விளிம்பு, மாண்டா திருக்கை பார்க்க மேற்கு விளிம்பு. தென்மேற்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ்: மிதவையுயிர் கிழக்குப் பக்கம் சேரும், திருக்கைகளும் அங்கே போய்விடும்.

ஆகவே 'மாலத்தீவுக்குச் சிறந்த மாதம் எது' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. கடல் அமைதியும் தெளிந்த நீரும் வேண்டுமானால் ஜனவரி முதல் ஏப்ரல். பா வட்டத்திட்டின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக வாய் திறந்து இரை வடிப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் நவம்பர் வரை. மழை, கலங்கிய நீர், படகின் ஆட்டம் மூன்றையும் ஏற்றுக்கொண்டு. பா வட்டத்திட்டு 2011-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. ஹனிஃபாருவுக்குள் இப்போது சிலிண்டரோடு இறங்க அனுமதி இல்லை, ஸ்நார்க்கல் மட்டுமே. அதற்காகவே முக்குளிப்புப் பயணம் போகிறவர் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது. நிலவின் கணக்கும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெருகி, கால்வாய்களில் ஓட்டம் வலுக்கும். ஹனிஃபாருவில் திருக்கைகள் கூடுவதும் அந்த நாட்களில் அதிகம். பழகியவர்கள் அந்த வாரத்தைத் தேடிப் பதிவு செய்கிறார்கள். புதியவர்களுக்கு நடுப்பிறை வாரமே உத்தமம்.

பருவம் முடிவானதும் பாதை பாதி முடிவாகிவிடும். வடக்கு மாலே, ஆரி, வாவு ஆகியவற்றைச் சுற்றும் மத்தியப் பாதை ஆண்டு முழுதும் ஓடுகிறது. முதன்முறை போகிறவர்களுக்கு இதுவே போதும். தெற்கு ஆரியின் விளிம்பில் திமிங்கிலச் சுறா எல்லா மாதங்களிலும் காணக்கிடைக்கும். அந்தப் பகுதி 2009-ல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது. ரஸ்தூவில் விடியலுக்கு முன் இறங்கினால் ஆழத்தில் கொம்பன் சுறா தென்படலாம். விமான நிலையத்தின் அருகிலேயே, 1981 பிப்ரவரியில் மூழ்கிய 'மால்தீவ்ஸ் விக்டரி' சரக்குக் கப்பல் கிடக்கிறது. தென்கோடிப் பாதை வேறு ரகம். ஹுவதூ, ஃபுவமுலா, அட்டு என்று நிலநடுக்கோட்டைத் தொட்டும் தாண்டியும் போகும் அது, பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள்தான் ஓடும். ஃபுவமுலாவின் புலிச்சுறாக்களுக்காகவே அதைத் தேர்ந்தெடுப்போர் உண்டு. படகு ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கிவிடுவதால் மாலேவுக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டிவரும். செலவு கூடும், சுமை வரம்பு குறையும், நீரோட்டமும் பலமாக இருக்கும்.

பயணத்திடம் எதை எதிர்பார்ப்பது என்பதும் இங்கேயே தெளிவாக வேண்டும். 1998-லும் 2016-லும் கடல் சூடேறியபோது மாலத்தீவின் ஆழமற்ற பவளங்களில் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. மீண்டு வரும் திட்டுகள் உண்டு. ஆனாலும் வண்ணப் பவளத் தோட்டத்தை மட்டும் மனதில் வைத்துப் போகிறவர் ஏமாறக்கூடும். இந்தக் கடலின் பலம் பெரிய உயிரினங்கள். 2010-ல் நாடு முழுவதும் சுறாப் பிடிப்பு தடைசெய்யப்பட்டதன் பலனைக் கால்வாய் வாயில்களில் பார்க்கலாம்.

பாதை தெரிந்தபின் முக்குளிப்பவர் தம்மையே ஒருமுறை அளந்துபார்க்க வேண்டும். அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரைக்கானது. அடுத்த நிலை 30 மீட்டர். மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையும் 30 மீட்டர்தான். பல படகுகள் இரண்டாம் நிலைச் சான்றிதழையும், 30 முதல் 50 முறை இறங்கிய பதிவையும் கேட்கின்றன. இதைக் கெடுபிடி என்று நினைக்கத் தேவையில்லை. கால்வாயில் இறங்கும் முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். முதலில் வழிகாட்டி ஒருவர் குதித்து ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் பார்த்து வருவார். பிறகு குழுவில் எல்லோரும் மிதவைச் சட்டையின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, ஒரே நேரத்தில் விழுந்து, மேற்பரப்பில் நிற்காமல் நேரே 25 மீட்டருக்குக் கீழே போக வேண்டும். காது அடைத்துக்கொண்டு ஒருவர் அரை நிமிடம் பின்தங்கினால், ஓட்டம் அவரைக் கால்வாயைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். கீழே போனவர்கள் கால்வாயின் உதட்டில், உயிரில்லாத பாறையில், கொக்கியை மாட்டிக் கயிற்றின் முனையில் மிதந்தபடி நிற்பார்கள். எதிரே நீல நீரில் சாம்பல் பவளச்சுறாக்கள் துடுப்பசைக்காததுபோல ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். காற்று குறைந்ததும் கொக்கியை விடுவித்து, உள்கடலுக்குள் அடித்துக்கொண்டு போகும் ஓட்டத்தில் கலந்து, மிதவைக் குழாயை மேலே அனுப்பிவிட்டு எழ வேண்டும். இதில் எதுவும் அசாத்தியமானது கிடையாது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவருக்கு மட்டும் எல்லாமே ஆபத்து. ஊரில் பயிற்சி முடித்து நீண்ட நாள் ஆகியிருந்தால், புறப்படும் முன் ஒருமுறை நீரில் இறங்கிப் பழகிக்கொள்வது அவசியம். படகிலும் முதல் இறக்கம் அமைதியான இடத்தில் சோதனைக்காகவே நடக்கும். யாருக்கு எத்தனை கிலோ ஈயம் வேண்டும், யாரை யாரோடு சேர்க்கலாம் என்று வழிகாட்டி அப்போது முடிவு செய்கிறார்.

ஒரு வாரம் தொடர்ந்து முக்குளிப்பதில் உடலின் கணக்கும் உண்டு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் சுவாசிக்கும் காற்று மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் இருக்கும். அதிலுள்ள நைட்ரஜன் அந்த அளவுக்கு ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக எழுந்தால் நுரையீரல் வழியாக வெளியேறும். அவசரப்பட்டால் உடலுக்குள்ளேயே குமிழாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் கேடு விளைவிக்கும். இதைத் தடுக்கும் அட்டவணையை முதலில் தந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவுகளை 1908-ல் வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் செய்வது அந்த வகைக் கணக்குதான். ஒருமுறை இறங்கியதன் நைட்ரஜன் முழுதும் போகுமுன் அடுத்த முறை இறங்குவதால், வாரம் நகர நகர மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். ஆகவே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வேண்டும். இருவருக்கு ஒன்று என்பது கணக்குக்கு உதவாது.

இந்த மிச்சத்தைக் குறைக்கவே நைட்ராக்ஸ் பயன்படுகிறது. சாதாரணக் காற்றில் 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜனை 32 ஆக உயர்த்திய கலவை அது. பரவலாகப் பயன்படும் அட்டவணையின்படி 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு 20 நிமிடம் இருக்கலாம் என்றால், இதோடு ஏறத்தாழ 30 நிமிடம் இருக்கலாம். இதற்கும் ஒரு விலை உண்டு: அழுத்தம் ஏறினால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். 32 விழுக்காட்டுக் கலவைக்கு ஏற்ற ஆழம் 33 மீட்டர் வரை. நிரப்பும்போது 36 ஆகிவிட்டால் அந்த எல்லை 28 மீட்டராகச் சுருங்கும். அதனால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன், தம் சிலிண்டரை அவரவரே அளக்க வேண்டும் என்பது விதி. அளவுமானியை வால்வின் வாயில் பிடித்து, வால்வைச் சற்றே திறந்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, அதைச் சிலிண்டரில் ஒட்டிய நாடாவில் எழுதி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, கம்ப்யூட்டரிலும் அதே எண்ணை ஏற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதற்கான சான்றிதழை ஊரிலேயே முடித்துக்கொண்டு போனால் படகில் ஒரு நாள் மிச்சம்.

இவ்வளவும் தெளிந்த பின்பு படகைத் தேடுவது எளிது. மாலத்தீவில் வழக்கமான அமைப்பு இரட்டைப் படகு: தங்குவதற்குப் பெரியது, சிலிண்டரும் காற்றழுத்த எந்திரமும் ஏற்றிய 'தோனி' தனி. எந்திரத்தின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்காது. சிறு படகு என்பதால் திட்டின் அருகே போய் முக்குளிப்பவரை எடுத்துக்கொள்ளவும் முடியும். முதல்நாள் தோனியில் ஒருவருக்குக் கிடைக்கும் இடமும் சிலிண்டரும் கடைசிவரை அவருடையவை. சாதனங்களைக் கழற்றாமல் அங்கேயே சிலிண்டரை நிரப்பிவிடுவார்கள்.

விளம்பரப் படங்களில் மாடியும் வெந்நீர்த் தொட்டியும் தெரியும். கேட்டறிய வேண்டியவை வேறு. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆக்சிஜன் கருவி எத்தனை மணிநேரத்துக்குப் போதும்? கீழ்த்தள அறைகளிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டா? இரவில் ஒருவர் விழித்திருந்து சுற்றி வருகிறாரா? பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள்? 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியக் கடலில் 'கன்செப்ஷன்' என்ற முக்குளிப்புப் படகு அதிகாலையில் தீப்பற்றி, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் இறந்தனர். இரவில் சுற்றிவரும் காவல் இல்லாததை விசாரணை முக்கியக் குறையாகச் சுட்டியது. விளக்கு, கேமரா என்று எல்லோரிடமும் லித்தியம் பேட்டரி இருக்கும் இந்த நாளில், அறைக்குள் இரவெல்லாம் சார்ஜ் போட அனுமதிக்காத படகே நல்ல படகு. ஏறியதும் உயிர்க்காப்புச் சட்டை எங்கே, அவசர வழி எங்கே என்று நடந்து பார்த்துக்கொள்வது பயணியின் பங்கு.

செலவில் விளம்பர விலை ஒரு பகுதிதான். 2025 ஜூலை முதல் சுற்றுலாவுக்கான சரக்கு, சேவை வரி 17 விழுக்காடு. படகில் தங்குவோருக்குப் பசுமை வரி நாளொன்றுக்கு 12 அமெரிக்க டாலர். இவை விலையில் அடங்கியிருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சாதன வாடகை, நைட்ராக்ஸ், எரிபொருள் கூடுதல் கட்டணம், கடற்பூங்காக் கட்டணம், பணியாளர்களுக்கு இறுதியில் தரும் அன்பளிப்பு ஆகியவை தனி. காப்பீடு முக்குளிப்பையே குறிப்பிட்டு உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல இதை விலக்கிவிடுகின்றன. அழுத்த நோய் வந்தால் உயரழுத்த அறையில் சிகிச்சை தர வேண்டும். மாலே அருகே பண்டோஸ் தீவில் அத்தகைய அறை உண்டு. தொலைவிலிருந்து அங்கே கொண்டுவரும் செலவுதான் மலைக்க வைக்கும். ஆவணங்களில் இந்தியருக்குச் சிரமமில்லை: வந்திறங்கியதும் கட்டணமின்றி விசா கிடைக்கும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணி அறிவிப்பை நிரப்பினால் போதும். மதுவும் பன்றி இறைச்சியும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. திரும்பும்போது பவளத் துண்டு எடுத்துவரக் கூடாது.

பெட்டியில் வைப்பது சொற்பம். நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 டிகிரி என்பதால் 3 மில்லிமீட்டர் உடை போதும். முகத்துக்குப் பொருந்திய கண்ணாடி, கம்ப்யூட்டர், மிதவைக் குழாய் மூன்றும் சொந்தமாக இருப்பது நல்லது. மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். கடல் மயக்கத்துக்கான மாத்திரையை ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்து, தூக்கம் தருகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும். வாரத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் சிறு உபாதைகள். சளி பிடித்தால் காது அழுத்தத்துக்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு முறையும் காதை நன்னீரில் அலசி உலர்த்தாவிட்டால் நான்காம் நாள் சீழ் வைக்கலாம். வெயிலில் நீர் வற்றிய உடலில் நைட்ரஜன் எளிதாக வெளியேறாது என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கடைசியாக வீடு திரும்பும் நாள். விமான அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலை மேல் இருப்பதற்குச் சமமாகும்வரை குறையலாம். உடலில் நைட்ரஜன் மிச்சத்தோடு ஏறினால் அங்கே குமிழ் கட்டும். பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவ அமைப்புகளின் அறிவுரை. படகுகள் பெரும்பாலும் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்கின்றன. விமானம் ஞாயிறு காலை 10 மணிக்கு என்றால், சனி காலை 10 மணிக்குள் கடைசி முறையாக நீரைவிட்டு ஏறியிருக்க வேண்டும். தென்கோடியில் இறங்குகிறவருக்கு மாலே திரும்பும் உள்நாட்டு விமானமும் இந்தக் கணக்கில் சேரும். அதைக் கவனிக்காமல் சீட்டெடுத்தவர், முழுப்பணம் கட்டிய வாரத்தின் கடைசி நாளில் மற்றவர்கள் குதிப்பதைத் தோனியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். மீதமாகும் அந்த ஒரு நாளைக்கு மாலே நகரம் இருக்கிறது. 1658-ல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டி முடித்த பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலும், சூரை மீன் குவியும் சந்தையும் நடக்கும் தூரத்தில்தான்.

பதிவு செய்யும் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. மாதம் முதலில், பாதை இரண்டாவது, அந்தப் பாதைக்கு ஏற்ற சான்றிதழும் பயிற்சியும் மூன்றாவது, படகு நான்காவது. படகு எந்த நாளில், எந்தத் துறையில் ஏற்றி இறக்குகிறது என்பது உறுதியான பிறகு, கடைசி இறக்கத்திலிருந்து 24 மணி நேரத்தைக் கழித்து விமானச் சீட்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று சீட்டை முதலில் வாங்குகிறவருக்கு, மீதி நான்கையும் அந்தத் தேதிக்குள் அடக்க வேண்டியதாகிவிடும்.